நிற்றலியல்: ஸ்டாண்டப் கூட்டம் பற்றிய சிற்றாராய்ச்சி

அஜைல் என்னும் மென்பொருள் உருவாக்க முறையில் திட்டங்களை நடத்துவது பற்றி நூல்கள் மிகுதி. பேக்லாக் என்னும் வேலைப்பட்டியலை எவ்வாறு வரிசைப்படுத்துவது, ஸ்பிரிண்ட் என்னும் வேலைச்சுற்றை இரு வாரமாகக் கொள்வதா மூன்று வாரமாகக் கொள்வதா, வேலையின் அளவை எந்த எண்வரிசையால் குறிப்பது என்பனவெல்லாம் அவற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆயினும் அம்முறையைக் கைக்கொண்ட அலுவலகங்களில் வேலைநாள்தோறும் நிகழ்வதும், மென்பொருளை அறியாதவர் கண்ணுக்கும் உடனே புலப்படுவதுமான செயல் ஒன்றே: குழுவினர் நாற்காலியைவிட்டு எழுந்து வட்டமாக நிற்கின்றனர். இந்நிற்றலுக்கு உரிய இடம் அந்நூல்களில் தரப்படவில்லை. அது எதனால் தோன்றியது, எத்தனை வகைப்படும், எவ்விடத்தில் நிற்றல் என்னும் தகுதியை இழக்கும் என்பவற்றை வகுத்துரைப்பது இங்கு மேற்கொள்ளப்பட்ட பணி.

முதலில் நூலாதாரம் நோக்கத்தக்கது. 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு வளாகத்தில் 17 பேர் கூடினர். அஜைல் பிரகடனம் அங்கே உருவாயிற்று. அதன் மதிப்புகள் 4. அவற்றைச் சார்ந்த கொள்கைகள் 12. ஆறாம் கொள்கை, குழுவுக்குள் செய்தியைச் சேர்ப்பிக்க முகத்துக்கு முகம் பேசுவதே சிறந்தது என்கிறது. முகத்தைச் சொன்ன அக்கொள்கை, முகத்துக்குக் கீழ்ப்பட்ட பகுதிகள் எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அஜைல் வழிகளுள் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு, தன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், குழு கூடும் தினக்கூட்டத்துக்கு 15 நிமிடம் என வரையறுக்கிறது. வேலைநாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம் என்கிறது. நேரம் உண்டு, இடம் உண்டு, நிலை இல்லை. எழுந்து நிற்பதை விதியாகவே கொண்டவர்கள் கென்ட் பெக் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் வழியினர். இன்று அலுவலகங்களில் காணும் வழக்கு, ஸ்க்ரமின் கடிகாரத்தையும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் கால்களையும் சேர்த்து அமைந்தது. இவ்விணைப்பை எவரும் முறைப்படி அறிவிக்காதது வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு.

ஸ்க்ரம் என்னும் பெயர் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா ஆகிய இருவரும் 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், புதுப் பொருள்களை உருவாக்கும் குழுக்களை ரக்பி அணிக்கு ஒப்பிட்டனர். ஜெஃப் சதர்லாண்ட் 1993இல் ஈசல் நிறுவனத்தில் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். 1995இல் கென் ஷ்வேபரும் அவரும் அதை ஒரு மாநாட்டில் முறையாக முன்வைத்தனர். நாள்தோறும் கூடும் பழக்கத்துக்கு, போர்லாண்ட் நிறுவனத்தின் குவாட்ரோ புரோ குழுவைப் பற்றி ஜேம்ஸ் கோப்லியன் எழுதியது சதர்லாண்டுக்குத் தூண்டுதலாக இருந்தது. இவ்வரலாற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ரக்பி ஸ்க்ரமில் பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து எதிரணியைத் தள்ளுகின்றனர். அலுவலகத்துக்குள் வந்ததும் அனைவரும் நிமிர்ந்துவிட்டனர். இதன் காரணம் உய்த்துணரத்தக்கது. குனிவது தள்ளுவதற்காக, தள்ளுவதற்கு எதிரணி எதிரே இருக்கவேண்டும், தினக்கூட்டத்தில் எதிரணி எதிரே இருப்பதில்லை, வேறு தளத்தில் இருக்கும். ஆகவே குனிவு கழிந்து வட்டம் மட்டும் எஞ்சியது.

நின்று கூடுவது மென்பொருளாருக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் அரசரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில் இன்றும் நின்றபடியே கூடுகிறது. கணவர் ஆல்பர்ட் மறைந்த 1861ஆம் ஆண்டையொட்டி விக்டோரியா அரசி தொடங்கிய வழக்கம் அது என்பர். அங்கு நிற்றல் துயரத்திலிருந்து பிறந்தது. இங்கு அட்டவணையிலிருந்து பிறக்கிறது. பிறப்பு வேறாயினும் கூட்டம் சுருங்குதல் என்னும் பயன் இரண்டுக்கும் பொது.

அப்பயன் உண்மைதானா என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. ஆலன் புளூடார்ன், டேனியல் டர்பன், மேரி சூ லவ் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தைந்து பேர் கொண்ட 111 குழுக்கள் பங்கேற்றன. 56 குழுக்கள் நின்றன. 55 குழுக்கள் அமர்ந்தன. அமர்ந்தவர்களின் கூட்டம் 34 விழுக்காடு நீண்டது. முடிவின் தரத்திலோ இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. இதிலிருந்து பெறப்படுவன இரண்டு: நாற்காலி நேரத்தைக் கூட்டுகிறது, அறிவைக் கூட்டுவதில்லை. அக்குழுக்களுக்குத் தரப்பட்ட புதிர் நிலவில் வழிதவறியோர் எவ்வெப்பொருளை உடன்கொள்ள வேண்டும் என்பது. நிலவைப் பற்றிய முடிவைக் கட்டணம் செலுத்தும் இணையப் பக்கத்தின் பிழைதிருத்தத்துக்குப் பொருத்தலாமா என்று வினவலாம். பொருத்தலாம். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கேயாயினும், சோதனைக்கு உட்பட்டோர் நின்றது பூமியில். அவர்கள் கால்வலி முழு ஈர்ப்புக்கு உட்பட்டதே.

நிற்றலின் சிறப்பு இங்கேதான் விளங்கும். அஜைல் முறையின் ஏனைய உறுப்புகள் அனைத்தும் மன ஒப்புதலைச் சார்ந்தவை. மதிப்பீட்டை மிகுத்துச் சொல்லலாம். பேக்லாக்கை ஒழுங்காக வைத்திருப்பதாகத் தோற்றம் காட்டலாம். ஸ்பிரிண்ட்டின் இறுதியில் செய்யும் மீள்நோக்கில் யாரும் யாரையும் குறைகூறாமல் மூன்று மணி நேரம் கழிக்கலாம். கால்வலியை மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் மறைக்க முடியாது. கடிகாரம் காட்டும் நேரத்தைப் புறக்கணிக்கலாம். கால் காட்டும் நேரத்தைப் புறக்கணிக்க முடியாது. ஒன்பது பேர் பேசும் குழுவில் 15 நிமிடம் என்பது ஆளுக்கு 100 விநாடி. அது 40 நிமிடமாக நீண்டால், மிகை 25 நிமிடம் ஒன்பதால் பெருகி 225 நிமிடம் ஆகும். அதாவது ஒவ்வொரு நாளும் ஒருவருடைய அரைநாள் உழைப்பு, எவரும் திருடாமலே காணாமற்போகிறது. இளம் ஊழியர் ஒருவர் இரவு வீடு திரும்பும் நேரம் இவ்வரைநாளைப் பொறுத்தது. ஆகவே நிற்றலின் வகைகளைத் துல்லியமாக அறிந்துகொள்வது கருணையின்பாற்பட்டது.

நிற்றலை வகுக்கும்போது, உடலின் எடை எங்கே தாங்கப்படுகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும். உயரம், பதவி, காலணி ஆகியவற்றால் வகுப்பது குழப்பத்தில் முடியும். இரு காலும் எடையைச் சமமாகத் தாங்குவது நேர்நிலை. இது புதிதாகச் சேர்ந்தவரிடம் காணப்படும். முதல் மாதத்துக்குப் பின் அரிது. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறிச் செல்வது மாறுநிலை. அனுபவம் மிக்கோரின் இயல்பு நிலை இதுவே. ஒருவர் நீட்டிப் பேசப் பேச, ஏனையோரிடம் இம்மாற்றத்தின் வேகம் கூடும். எனவே குழுவை நெறிப்படுத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் முகங்களை நோக்குவதினும் பாதங்களை நோக்குவது நன்று. முகம் பயிற்சியால் அமைதி காட்டும்; பாதத்துக்கு அப்பயிற்சியை எந்த நிறுவனமும் அளிப்பதில்லை. சுவரிலோ தூணிலோ எடையின் ஒரு கூற்றை ஒப்படைப்பது சாய்நிலை. தூண் அருகே நிற்கும் உரிமை பெரும்பாலும் முன்னதாக வந்தவருக்கு உரியது. சில குழுக்களில் பணிமூப்பால் வருகிறது.

இவற்றுள் மிகுந்த விவாதத்துக்கு உரியது மேசைநிலை. மேசை விளிம்பில் இடுப்பைச் சற்றே ஊன்றி, கால்களை முன்னே நீட்டியிருப்பவர் நிற்பவரா, அமர்ந்தவரா? மேசையைத் திடீரென அகற்றினால் அவர் விழுவாராயின் அவர் அமர்ந்தவர் என்பது ஒரு கட்சி. இச்சோதனை எளிதாகத் தோன்றினும் அளவுக்கு மீறி நிறுவுகிறது. சுவரை அகற்றினால் சாய்நிலையாரும் விழுவர். அவர்களும் அமர்ந்தவர் ஆகிவிடுவர். நிற்போர் தொகை பாதியாகும். அன்றியும் வாடகைக் கட்டடத்தில் சுவரை அகற்றிப் பார்ப்பது இயலாது. ஆதலின் உள்ளங்காலைக் கொண்டு துணிவதே தக்கது. இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுதும் படிந்திருந்தால் அது நிற்றல். ஒன்று தரையைவிட்டு எழுந்து ஆடத் தொடங்குமாயின், அக்கணமே அது அமர்தல். கால் ஆடுவது வலியின்மைக்கு அறிகுறி. வலியின்மையோடு நிற்றல் ஒருங்கு இராது.

மடிக்கணினியைத் திறந்தபடி முன்கையில் தாங்கி நிற்பது ஏந்துநிலை. கால் தளர்வதற்கு நெடுமுன்பே கை தளருமாதலின், ஏந்துநிலையார் எல்லோரினும் சுருங்கப் பேசுவர். நீளப் பேசும் இயல்புடையவரிடம் கணினியை ஒப்படைப்பது குழுவுக்கு நன்மை தரும். தேநீர்க் கோப்பையை ஏந்துவது இவ்வகையில் அடங்காது. நாற்காலி தரும் ஆறுதலைக் கோப்பை ஓரளவு தந்துவிடுவதால், அது நிற்றலின் பயனைக் குறைக்கும். இரண்டாம் கோப்பை முற்றிலும் அழிக்கும். உடல்நலத்தாலோ கருவுற்றிருப்பதாலோ மாற்றுத்திறனாலோ நிற்க இயலாதவர் அமர்ந்திருப்பது நிற்றலே ஆகும். இதில் ஐயம் கொள்பவர் நிற்றலின் நோக்கத்தை அறியாதவர். கூட்டம் சுருங்கவேண்டும் என்பதே நோக்கம். ஒருவர் வருந்தவேண்டும் என்பதன்று.

அடுத்து, நின்றவர் சொல்பவை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதும் உண்டா என்னும் மூன்று வினாக்கள் நெடுங்காலம் ஸ்க்ரம் கையேட்டில் இருந்தன. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றை விருப்பத்துக்கு உரியனவாக்கியது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு நீக்கிவிட்டது. அலுவலகங்கள் நீக்கவில்லை. நூல் கைவிட்டதை வழக்கு காத்துவருகிறது.

முதல் வினா, திங்கட்கிழமையன்று வெள்ளிக்கிழமையைக் குறிக்கும். பொங்கல் விடுமுறை கழிந்து வரும் நாளில் ஒரு வாரம்வரை பின்னோக்கிச் செல்லும். இதற்குரிய விடைகளுள் "அதே வேலையைத் தொடர்ந்தேன்" என்பது முதன்மையானது. அதுவே இரண்டாம் வினாவுக்கும் விடையாகுமாதலின், ஒரே தொடரால் இரண்டு கடமைகள் நிறைவேறுகின்றன. "முடித்துவிட்டேன்" என்னும் விடையோ நான்கு படிகளை உடையது: தம் கணினியில் ஓடியது, சக ஊழியர் சரிபார்த்தது, சோதனையாளர் ஒப்பியது, வாடிக்கையாளர் கையைச் சென்றடைந்தது. எந்தப் படியை முடிவு என்பது என முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்று ஸ்க்ரம் வற்புறுத்துவது இதனால்தான். எழுதிவைக்காத குழுக்களில் ஒரே வேலை நான்கு வெவ்வேறு நாள்களில், நான்கு முறையும் உண்மையாகவே முடியும்.

மூன்றாம் வினாவின் விடை நுட்பமானது. தடை, தம்மால் வந்தது பிறரால் வந்தது என இருவகை. பிறரால் வந்தது, அங்கில்லாதவரால் வந்தது உடன் நிற்பவரால் வந்தது என மேலும் இரண்டாகும். அங்கில்லாதவரால் வந்த தடை செய்வினையில் சொல்லப்படும்: "டேட்டாபேஸ் டீம் இன்னும் அனுமதி தரவில்லை." உடன் நிற்பவரால் வந்தது செயப்பாட்டு வினையில் சொல்லப்படும்: "பதில் எதிர்பார்க்கப்படுகிறது." இவ்வாறு சொல்லும்போது பேசுபவர் தரையை நோக்குவார், பதில் தரவேண்டியவர் கூரையை நோக்குவார். ஆகவே ஒரு குழுவின் நல்லுறவை அளக்க விரும்புவோர், ஒரு வாரத்தில் வழங்கிய செயப்பாட்டு வினைகளை எண்ணுவது போதும். தம்மால் வந்த தடையோ "ஒன்றுமில்லை" என்று சொல்லப்படும்.

மேலாளர் எங்கே நிற்பது என்பது தீராத வினா. தினக்கூட்டம் மென்பொருளை உருவாக்குவோருக்கு உரியது. ஒருவருக்கொருவர் வேலையை ஒத்திசைத்துக்கொள்வதே அதன் பயன். மேலாளர் வட்டத்துக்குள் நின்றவுடன் எல்லோர் கண்ணும் அவர்மேல் திரும்புகின்றன. ஒத்திசைவு போய், கணக்கு ஒப்புவித்தல் வந்துவிடுகிறது. இது மெய்யான கேடு. பல குழுக்கள் இதனால் நலிந்துள்ளன. வட்டத்துக்கு வெளியே, பேசுபவரின் முதுகுப்புறம் ஓரடி தள்ளி மேலாளர் நிற்பதே இதற்குத் தீர்வு. பேசுபவர் மாறுந்தோறும் முதுகும் மாறுமாதலின், மேலாளரும் உடன் நகர வேண்டும். பேசும் முறை இடமிருந்து வலமாகச் செல்லும் குழுவில் அவரும் வலமாகவே செல்வார். 15 நிமிடத்தில் குழுவை முழுமையாக ஒருமுறை சுற்றியிருப்பார். சுற்று நிறைவதும் கூட்டம் நிறைவதும் ஒருங்கே நிகழ்வதால், இம்முறையில் தனிக் கடிகாரம் தேவைப்படாது.

இதுவரை சொன்னவை எல்லோரும் ஒரே கூரையின்கீழ் நிற்கும் நிலைக்கு உரியவை. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையின் வழக்கு வேறு. தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறக்கப்பட்டதற்குப் பின் அச்சாலை நெடுகப் பெருகிய அலுவலகங்களில், குழுவின் ஒரு பாதி இங்கும் மறுபாதி அமெரிக்காவிலும் இருப்பது வழக்கம். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கும் தினக்கூட்டம் சென்னையில் மாலை 6.30க்கு வரும். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி பின்னே செல்லும். அன்றுமுதல் அதே கூட்டம் இங்கு 7.30க்கு வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் 6.30க்குத் திரும்பும். இலண்டனிலும் ஒருவர் இருந்தால் சிக்கல் கூடும். பிரிட்டன் தன் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றும். இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரம், பிற்பகல் 2 மணிக்கு நின்றவர் 1 மணிக்கே நிற்க வேண்டும். அதாவது உணவு இடைவேளையில். ஒரே நேரம் என்னும் விதியை எந்த ஊரின் நேரமாகக் கொள்வது என்பதற்குக் கையேடு விடை தரவில்லை. வழக்கு தருகிறது: பணம் செலுத்தும் ஊரின் நேரம்.

ஒரே இடம் என்னும் விதி இங்கு முற்றிலும் கரைகிறது. ஒருவர் நாவலூர் அலுவலகத்தில், ஒருவர் வீட்டுச் சமையலறையில், ஒருவர் நிறுவன வாடகைக் காரில், ஒருவர் பிள்ளையை டியூஷனில் விட்டுவரும் வழியில். கேமராக்கள் அணைந்திருக்கும். நிற்கிறார்களா என்பதை அறிய வழியில்லை. பெரும்பாலும் அமர்ந்தே இருப்பர். கால்வலி என்னும் காவல் நீங்கியவுடன் கூட்டம் நீளத் தொடங்குகிறது. "மியூட்டில் இருக்கிறீர்கள்" என்னும் அறிவிப்பும், "இப்போது கேட்கிறதா" என்னும் வினாவும், "கேட்கிறது" என்னும் விடையும் ஒவ்வொருவருடைய 100 விநாடியில் பத்து விநாடியையேனும் உண்ணும். நடந்துகொண்டே பேசுபவர் உளர். நடையும் நிற்றலின் ஒரு கிளை என்று அவர்களுக்காக வாதிடலாம். ஆனால் நடப்பவருக்குக் களைப்பு வருமேயன்றி நிற்பவருக்குரிய அலுப்பு வருவதில்லை. அலுப்பின்றேல் சுருக்கம் இல்லை. ஆகவே நடையைக் கொள்ளற்க.

இக்கூட்டத்தில் விதியை முழுமையாகக் காப்பவர் ஒருவர் உண்டு. சிறுசேரியிலிருந்து அடையாறு நோக்கி வரும் மாநகரப் பேருந்தில், ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்து, மறு கையால் கைப்பேசியைக் காதில் வைத்து வருபவர் அவர். சோதனையாளராகவோ இளநிலைப் பொறியாளராகவோ இருப்பார். அவர் நிற்பது ஐயத்துக்கு இடமற்றது. உள்ளங்கால் இரண்டும் தரையில் உள்ளன. எடையைத் தூணுக்கோ மேசைக்கோ ஒப்படைக்க வசதியில்லை. நெரிசலில் தோளோடு தோள் பிணைந்திருப்பதால், ரக்பியின் மூலநிலைக்கும் இவரே அணுக்கமானவர். இவர் பேச்சு 40 விநாடியைத் தாண்டுவதில்லை. நடத்துநர் விசில் ஒலிக்கும்போது தாமே நிறுத்திக்கொள்வார். ஸ்பிரிண்ட்டின் இறுதியில் தரும் பாராட்டுப் பட்டியலில் இவர் பெயர் இடம்பெற வேண்டும்.

இவரைப் பொறுத்து எழும் வழக்கு ஒன்றே எஞ்சியுள்ளது. துரைப்பாக்கத்தில் ஒருவர் இறங்கி இருக்கை காலியாகிறது. கூட்டமோ இன்னும் முடியவில்லை. இவர் அமரலாமா? தம் முறையில் பேசி முடித்தவராயின் அமரலாம். இனி அவர் கால்வலியால் கூட்டம் சுருங்கப் போவதில்லை. முறை வராதவராயின் நிற்க வேண்டும். அருகில் முதியவரோ கைக்குழந்தையோடு ஒருவரோ இருப்பின் இருக்கையை அவருக்கு ஒப்புவிக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே இருக்கை காலியாகுமாயின், அமரும் உரிமை உண்டு. ஆனால் அமர்ந்தபின் புதிய செய்தி எதையும் சேர்க்கக் கூடாது. தொடங்கிய தொடரை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.